பாறை நகர்ந்த வழியே பொன்

கோலார் தங்கவயலில் தங்கம் ஊர் முழுக்கப் பரவிக் கிடந்ததில்லை. வடக்கே பாலகாட் சுரங்கத்திலிருந்து தெற்கே மைசூர் சுரங்கம் வரை, ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளத்தில், ஒரு கோட்டை ஒட்டித்தான் பெரிய ஷாஃப்டுகள் எல்லாம் இறங்கின. மண்ணுக்குள்ளே அந்தக் கோடு ஒரு தகடாக நிற்கிறது. பல இடங்களில் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் தடிக்காத சாம்பல் வெள்ளைக் குவார்ட்ஸ் தகடு அது. மேற்கே சாய்ந்தபடி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகிறது. சாம்பியன் ரீஃப் என்று பெயர் பெற்றது இதுதான். 1880களில் தொடங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை இந்த வயலில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். பொன் இருக்கும் இத்தகைய தகட்டை லோடு என்பார்கள். பக்கத்திலேயே ஓரியண்டல் லோடு போன்ற வேறு கிளைகளும் உண்டு என்றாலும் பெரும்பங்கைத் தந்தது சாம்பியன்தான். அதை விட்டு நாலு எட்டு விலகி, பக்கத்துக் கரும்பாறையை உடைத்தால் சல்லிக்கல்தான் மிஞ்சும்.

இத்தனை பெரிய பூமியில் பொன் ஏன் இந்த ஒல்லியான இடத்தில் மட்டும் வந்து உட்கார்ந்தது? இதற்கு நிலவியல் தரும் விடையைப் படித்தபோதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றியிருக்கிறது. அங்கேதான் பாறை நகர்ந்தது என்பதே அந்த விடை. ஒருமுறை இருமுறை அல்ல, கணக்கில்லாத முறை. நகர்ந்த ஒவ்வொரு முறையும் ஒரு வழி திறந்தது. அந்த வழியே ஆழத்துச் சுடுநீர் ஏறியது. ஏறிய நீர் குவார்ட்ஸையும் பொன்னையும் படியவிட்டு, திறந்த வழியைத் தானே மூடிவிட்டுப் போனது. நாம் காதில் போட்டுக்கொள்ளும் பொன் பூமி தன் காயத்தை ஆற்றிக்கொண்ட இடத்தில் பிறந்தது.

நகர்ந்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். பாறை எப்படி நகரும், எத்தனை வகையில் நகரும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கல்லில் விழும் எல்லா விரிசலும் பிளவாகிவிடாது. கோயில் தூணில் விழுந்த கீறலின் இரு பக்கமும் இருந்த இடத்திலேயே இருந்தால் அது வெறும் விரிசல். இரு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இடம் மாறியிருந்தால்தான் அது பிளவு. தங்கவயல் தொழிலாளி இதை ஃபால்ட் என்றே சொல்வார். பிளவு பெரும்பாலும் நேர் செங்குத்தாக இருப்பதில்லை, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்த பிளவுக்குள் குடைந்து சென்று நிற்பவருக்கு ஒரு பக்கத்துப் பாறை தலைக்கு மேலே தொங்கும், மறுபக்கத்துப் பாறை காலுக்குக் கீழே கிடக்கும். மேலே இருப்பது ஹேங்கிங் வால், கீழே இருப்பது ஃபுட் வால். சுரங்கத்தில் வேலை செய்தவர்களிடமிருந்துதான் நிலவியல் இந்த இரண்டு பெயர்களையும் எடுத்துக்கொண்டது. நாமும் தமிழில் தொங்குபாறை, அடிப்பாறை என்று வைத்துக்கொள்ளலாம்.

தொங்குபாறை அடிப்பாறையின் மேல் சறுக்கிக் கீழே இறங்கினால் அது இயல்புப் பிளவு. அடிப்பாறையின் மேல் ஏறினால் எதிர்ப் பிளவு. ஏறாமலும் இறங்காமலும் பக்கவாட்டில் நழுவினால் நழுவு பிளவு. ஏற்றமோ இறக்கமோ பக்க நழுவலோடு கலந்து சாய்வாக நகர்வதும் உண்டு, ஆனால் அடிப்படை வகைகள் மூன்றே. ஏன் மூன்று? 1905இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அண்டர்சன் என்ற நிலவியலாளர் இதற்கு ஓர் அழகான காரணம் சொன்னார். பூமியின் மேற்பரப்புக்கு மேலே காற்று மட்டும்தான் இருக்கிறது. காற்றால் பாறையைப் பக்கவாட்டில் பிடித்து இழுக்க முடியாது. ஆகவே பாறைக்குள் செயல்படும் மூன்று முதன்மை அழுத்தங்களில் ஒன்று கட்டாயம் செங்குத்தாகவும், மற்ற இரண்டும் படுக்கையாகவும் அமைந்தாக வேண்டும். செங்குத்து அழுத்தம், அதாவது மேலிருக்கும் பாறையின் எடை, மூன்றிலும் பெரியதாக இருந்தால் இயல்புப் பிளவு பிறக்கும். அதுவே மூன்றிலும் சிறியதாக இருந்தால் எதிர்ப் பிளவு. நடுவில் இருந்தால் நழுவு பிளவு. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சாய்வும் இதிலிருந்தே வந்துவிடுகிறது. இயல்புப் பிளவு செங்குத்தான சரிவில் நிற்கும், சுமார் 60 டிகிரி. எதிர்ப் பிளவு படுத்திருக்கும், சுமார் 30 டிகிரி. நழுவு பிளவு ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். இமயம் முதல் ஆழ்கடல் வரை பூமியின் பெரும்பாலான நடுக்கங்களும் இந்தச் சின்னக் கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன. படைத்தவன் சிக்கனக்காரன்.

இழுபடும் நிலத்தில் இயல்புப் பிளவு பிறக்கும் என்பதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. தஞ்சை வயல்களுக்கு அடியிலேயே இருக்கிறது. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து, இந்தியா தன் பழைய அண்டை நிலங்களை விட்டு விலகத் தொடங்கிய காலத்தில் நம் கிழக்குக் கரை இழுபட்டது. வடகிழக்கு தென்மேற்காக நீண்ட பாறைத் துண்டங்கள் இயல்புப் பிளவுகளின் வழியே அமிழ்ந்தன. சில துண்டங்கள் அமிழாமல் இடையிடையே மேடாக நின்றன. அரியலூர் – புதுச்சேரிப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம் என்று இன்று வரைபடங்களில் காண்பவை அப்படி அமிழ்ந்தவை. கடலும் ஆறுகளும் அவற்றில் கிலோமீட்டர் கணக்கில் வண்டலைக் கொட்டி நிரப்பின. அரியலூரில் அம்மோனைட் சங்குகள் கிடைப்பதும், நரிமணத்தில் எண்ணெய் கிடைத்ததும் அந்த அமிழ்வின் பயன்.

நெருக்குண்ட நிலத்தின் கதை வேறு. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே போய் ஆசியாவை முட்டுகிறது. அந்த நெருக்கடியில் பாறை பாறை மேல் ஏறி இமயம் எழுந்தது. அந்த அழுத்தம் தக்காணத்தின் நடுவிலும் உணரப்படுகிறது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில், நிலநடுக்கமே வராது என்று நம்பியிருந்த பழம்பாறைக்குள் ஓர் எதிர்ப் பிளவு நகர்ந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் உறக்கத்திலேயே போனார்கள். பழமையான பாறை என்றால் அசையாத பாறை என்று பொருளில்லை. இதை எழுதும்போது அந்தக் கிராமங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எந்த வகையில் நகர்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழகக் கரை இரண்டு முறை பார்த்துவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நகர்ந்தது எதிர்ப் பிளவு. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பத்து நிமிடத்துக்குள் கிழிந்து கடலடியைத் தூக்கியது. தூக்கிய கடலடி தண்ணீரையும் தூக்கியது. நாகப்பட்டினமும் கடலூரும் பட்டதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாண்டுக்குச் சற்று மேல் கழித்து 2012 ஏப்ரல் 11 அன்று அதே கடலில் 8.6 அளவில் இன்னொரு பெரும் நடுக்கம். சென்னையில் மாடி அலுவலகங்கள் ஆடின, மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள், கரையோரத்தில் எச்சரிக்கை விடப்பட்டது. ஆனால் பேரலை வரவில்லை. அன்று நகர்ந்தவை நழுவு பிளவுகள். கடலடி பக்கவாட்டில் நழுவியதே தவிர மேலே எழவில்லை. கருவிகள் பதிவு செய்த நழுவு பிளவு நடுக்கங்களில் அதைவிடப் பெரியது இதுவரை இல்லை. அத்தனை பெரிய ஆற்றல், ஒரு திசை மாறியதால், நம் கரையைத் தொடாமல் போயிற்று.

இனி தங்கவயலுக்குத் திரும்பலாம்.

பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் வண்டியில் ஏறினால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் வெளிர்நிற கிரானைட் குன்றுகளுக்கு நடுவே கரும்பச்சைப் பாறைகளின் பட்டை ஒன்று வடக்கு தெற்காக ஓடுகிறது. சுமார் 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமும் கொண்டது. தெற்கே ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கம் சிகுர்குண்டா, பிசநத்தம் வரை போகிறது. இந்தக் கரும்பாறை ஒரு காலத்தில் கடலடியில் பாய்ந்த எரிமலைக் குழம்பு. வயது சுமார் 270 கோடி ஆண்டு. பெத்தபள்ளிக்கு அருகே எரிமலை கக்கிய துண்டுகளும், தண்ணீருக்குள் பாய்ந்து தலையணைகளாக உறைந்த குழம்பும் இன்றும் வெயிலில் கிடக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அவற்றைத் தேசிய நிலவியல் நினைவிடமாக அறிவித்திருக்கிறது. கடலையே பார்க்காத ஊரில், கடலுக்கடியில் பிறந்த கல். தங்கவயல் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இதைக் காட்டியிருக்கிறோம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

1989இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கிராக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், முகோபாத்யாய், ராஜாமணி, ஹான்சன் ஆகியோர் எழுதியது. பட்டைக்கு மேற்கே உள்ள நைஸ் பாறைகளையும் கிழக்கே உள்ளவற்றையும் எடுத்து, அவற்றுக்குள் இருக்கும் ஈயம் முதலிய தனிமங்களின் ஐசோடோப்புகளை அளந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு தாய்ப் பிள்ளைகள் இல்லை என்று தெரிந்தது. மேற்குப் பாறையில் அதனினும் மிகப் பழைய கண்டத்தின் எச்சம் கலந்திருந்தது, கிழக்குப் பாறையில் அது இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் எங்கெங்கோ பிறந்த இரண்டு நிலத்துண்டுகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து முட்டி ஒன்றான தையல்தான் கோலார்ப் பட்டை என்று அவர்கள் எழுதினார்கள். பூமியின் தட்டுகள் அந்தப் பழங்காலத்திலேயே இன்றுபோல நகர்ந்தன என்பதற்கு உலகுக்குக் கிடைத்த சான்றுகளில் ஒன்று, நம் தொழிலாளர்கள் அன்றாடம் மிதித்து நடந்த ஊரிலிருந்து போயிற்று.

முட்டிய நிலங்கள் கிழக்கு மேற்காக நெருக்குண்டன, மடிந்தன, பிறகு ஒன்றையொன்று உரசி நழுவின. ஆனால் இன்று நாம் தொடும் இந்தப் பாறை அன்று பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் சூட்டில் இருந்தது. மேலே இருந்ததை எல்லாம் மழையும் காற்றும் ஆறுகளும் அரித்துக் கொண்டுபோன பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஆழத்தில் பிளவின் குணமே மாறிவிடும். மேற்பரப்பை ஒட்டிய பிளவில் இரு பாறைகளும் திருகைக் கற்கள் போல ஒன்றையொன்று அரைத்து மாவாக்கும். சுமார் 300 டிகிரிச் சூட்டைத் தாண்டிய ஆழத்திலோ குவார்ட்ஸ் உடையாமல் வளையத் தொடங்கும். கல் கல்லாகவே இருந்துகொண்டு, உருகாமலே, மெல்ல ஒழுகும். அங்கே பிளவு ஒரு கோடாக இல்லாமல் பல மீட்டர் அகலமுள்ள நழுவுப் பட்டையாக இருக்கும். அதிலுள்ள தாதுமணிகள் இழுபட்டு இழைகளாகிவிடும். உறுதிக்கு நாம் கல்லைச் சொல்கிறோம். அந்தக் கல்லுக்குப் போதிய சூடும் காலமும் கொடுத்தால் நெளிந்து கொடுக்கும்படி இறைவன் அதைப் படைத்திருக்கிறான்.

உடையும் பாறைக்கும் ஒழுகும் பாறைக்கும் இடைப்பட்ட அந்த எல்லை ஆழத்தில்தான் பொன்னின் கதை நடக்கிறது. கோலார், ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி, கனடாவின் டிம்மின்ஸ் ஆகிய வயல்களில் கிடைப்பது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தங்கம். ஆழத்துப் பாறைகள் சூடேறும்போது அவற்றுக்குள் கட்டுண்டிருந்த நீர் விடுபடுகிறது. கரியமில வாயுவும் கந்தகமும் அதில் கரைந்திருக்கும். பொன் தண்ணீரில் கரையாது என்பது நம் அனுபவம். கந்தகம் கலந்த அந்தச் சுடுநீரிலோ அது கரையும், மிக மிகக் கொஞ்சமாக. அந்த நீர் மேலேற வழி தேடுகிறது. வழியில் பிளவு நிற்கிறது, ஆனால் மூடியிருக்கிறது.

இங்கேதான் அண்டர்சனின் கணக்கு உதவுகிறது. இந்தக் குடும்பத்துத் தங்க லோடுகள் பல, செங்குத்தாக நிற்கும் எதிர்ப் பிளவுகளில் இருக்கின்றன. எதிர்ப் பிளவுக்கு ஏற்ற சாய்வு 30 டிகிரி என்று மேலே சொன்னேன். செங்குத்துப் பிளவை இரு பக்கத்திலிருந்தும் நெருக்கினால் அது நகராது, இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். அப்படியானால் இவை எப்படி நகர்ந்தன? நியூசிலாந்தின் ரிச்சர்ட் சிப்சன் 1988இல் தன் சகாக்களான ராபர்ட், பவுல்சன் ஆகியோருடன் இதற்கு விடை எழுதினார். மூடிய பிளவுக்கு அடியில் சுடுநீர் சேர்ந்துகொண்டே போகிறது. அதன் அழுத்தம் மேலிருக்கும் அத்தனை கிலோமீட்டர் பாறையின் எடையையும் எட்டிப் பிடிக்கிறது. அப்போது பிளவின் இரு முகங்களையும் இறுக்கிப் பிடித்திருந்த பிடி தளர்கிறது. தொங்குபாறை திடீரென்று மேலே ஏறுகிறது. மேலே அது ஒரு நிலநடுக்கம். கீழே, பிளவு வாய் திறந்து, நீர் பாய்ந்து ஏறுகிறது. அழுத்தம் சட்டென்று விழுகிறது. அழுத்தம் விழுந்த கணத்தில் அந்த நீரால் குவார்ட்ஸையும் பொன்னையும் சுமக்க முடியவில்லை, இறக்கி வைத்துவிடுகிறது. இறங்கிய குவார்ட்ஸ் வழியை அடைக்கிறது. மறுபடி அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. பிளவையே வால்வு என்று சிப்சன் அழைத்தார்.

இப்படிப் பிறந்த லோடுகளின் குவார்ட்ஸை அறுத்துப் பார்த்தால் மெல்லிய பட்டைகள் தெரியும். வெள்ளைப் பட்டை, நடுவே கரும்பாறையின் இழை, மறுபடி வெள்ளைப் பட்டை. பிளவு திறந்து மூடிய தடங்கள் அவை. மனிதன் என்ற இனமே இல்லாத, மரமும் மீனும் கூட இல்லாத பூமியில் வந்துபோன நடுக்கங்களின் நாட்குறிப்பு கல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இதற்கு இன்னொரு வகைச் சாட்சி உண்டு. சேலம் மாவட்டம் கெங்கவல்லிப் பக்கத்துப் பாறைகளில் கண்ணாடி போன்ற கரிய இழைகள் ஓடுகின்றன. பழங்கால நிலநடுக்கத்தில் பிளவு விரைந்து நழுவியபோது உராய்வின் சூட்டில் பாறை உருகி, அடுத்த கணமே உறைந்த இழைகள் அவை. அவ்வளவு வெப்பமும் பிறந்து அடங்க நொடிகள் போதுமாக இருந்தன.

இந்தக் கதையில் ஒரு முடிச்சு வெகுநாள் அவிழாமல் இருந்தது. நீரில் கரைந்திருக்கும் பொன் அணு அணுவாகத்தான் இறங்க வேண்டும். அப்படியிருக்க, குவார்ட்ஸ் முழுக்கப் பொடியாய்ப் பரவாமல் சில இடங்களில் மட்டும் கட்டிகட்டியாய்ச் சேர்வது ஏன்? 2024இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்து வாய்சியும் அவர் குழுவும் ஒரு பரிசோதனை செய்தார்கள். குவார்ட்ஸுக்கு ஒரு குணம் உண்டு. அதை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். கைக்கடிகாரம் ஓடுவது இதே குணத்தின் மறுபக்கத்தால்தான். தங்கம் கரைந்த திரவத்தில் குவார்ட்ஸ் துண்டுகளை வைத்து, நிலநடுக்கத்தில் குலுங்குவது போல் குலுக்கினார்கள். குவார்ட்ஸின் மேல் பொன் படிந்தது. குவார்ட்ஸ் மின்சாரத்தைக் கடத்தாது, பொன் கடத்தும். ஆகவே அடுத்து வந்த பொன், முன்பே இருந்த பொன்மணியைத் தேடிப்போய் அதன் மேலேயே சேர்ந்தது. பாறை நகர்ந்ததால் வழி திறந்தது, அழுத்தம் விழுந்ததால் பொன் இறங்கியது, குலுங்கிய குவார்ட்ஸின் மின்னால் இறங்கிய பொன் ஒன்றுகூடியது. ஒரே நடுக்கம் மூன்று வேலையையும் முடித்திருக்கிறது என்றால் இதை ஆயத்தம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ஆறிய காயத்தை மறுபடி திறக்க மனிதர்கள் வந்தார்கள். 1802இல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை லெப்டினன்ட் உள்ளூர் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பார்த்தார். 1870களில் லாவெல் என்ற பழைய படைவீரர் உரிமம் வாங்கினார். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள். கேஜில் ஏறி, ஒரு ஷாஃப்டிலிருந்து அடுத்த ஷாஃப்டுக்கு மாறி, பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும் ஆழம் வரை இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 800 கிலோவுக்கும் மேல் பாறையின் எடை அழுத்துகிறது. அந்த எடையைத் தாங்கிக்கொண்டிருந்த குவார்ட்ஸைத்தான் அவர்கள் வெட்டி எடுத்தார்கள். எடுத்த இடத்தில் கருங்கல் சுவர் கட்டி நிறுத்தினார்கள், பின்னாளில் கான்கிரீட் நிரப்பினார்கள்.

தாங்கியதை எடுத்தால் எடை பக்கத்துக்கு மாறும். மாறிய எடை எங்காவது தாங்க முடியாமல் போகும்போது பாறை வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்பது அதுதான். ஆரம்ப காலத்தில் ஏர் பிளாஸ்ட் என்றார்கள். சில நேரம் வெடிப்பது லோடை ஒட்டிய பாறை. சில நேரம் நகர்வது பழைய பிளவு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்கும் மைசூர் சுரங்கத்துக்கும் இடையே ஓடும் மைசூர் நார்த் ஃபால்ட் என்ற பிளவும், நார்தர்ன் ஃபோல்ட்ஸ் என்று பெயரிட்ட மடிப்புப் பகுதியும், லோடை வெட்டிச் செல்லும் டோலரைட் சுவர்களும் ராக் பர்ஸ்ட் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். பெரிய வெடிப்புகளில் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளும் ஆடின. கணவனோ மகனோ அண்டர்கிரவுண்டு ஷிஃப்டில் இருக்கும் வேளையில் தரை அதிர்ந்தால் அந்த வீட்டுப் பெண்களின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! அனுபவப்பட்ட தொழிலாளி கடப்பாரையால் பாறையைத் தட்டி, வரும் ஓசையை வைத்தே அது கெட்டியா, கழன்றிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நிலவியல் வளர்ந்தது இந்தக் காதுகளை நம்பித்தான் என்று நான் நினைக்கிறேன். அந்தக் காதுகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

  

வெடிப்புகளைக் கவனிக்க 1912இலேயே தங்கவயலில் ஓர் அதிர்வுமானி வைக்கப்பட்டது. 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் பல கருவிகளைச் சேர்த்து ஒரு வலையே அமைத்தது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கேயே தொடங்கப்பட்டது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி, கௌரிபிதனூரில் தொலைதூர அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிய வைத்த கருவிகளிலும் தங்கவயல் வெடிப்புகள் பதிந்தன. இந்தப் பதிவுகளை வாசிக்கும் முறையே ஓர் அதிசயம். பிளவு நகரும்போது, அதைச் சுற்றியுள்ள நிலம் நான்கு திசைப் பங்குகளாகப் பிரிகிறது. எதிரெதிரான இரண்டு பங்குகளில் முதல் அலை நிலத்தை வெளியே தள்ளும், மற்ற இரண்டில் உள்ளே இழுக்கும். எந்தக் கருவி முதலில் தள்ளப்பட்டது, எது இழுக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டே போனால், தொங்குபாறை ஏறியதா இறங்கியதா, பக்கவாட்டில் நழுவியதா என்பதைக் கண்ணால் காணாமலே சொல்லிவிடலாம். எல்லாக் கருவிகளும் உள்ளே இழுக்கப்பட்டிருந்தால் பிளவு நகரவில்லை, வெட்டியெடுத்த வெற்றிடம் உள்ளே இடிந்திருக்கிறது என்று பொருள். பாறை தன் ஒரே ஓர் அசைவில், தான் எப்படி அசைந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைக்கும் பம்புகள் நின்றன. ஷாஃப்டுகளிலும் லெவல்களிலும் தண்ணீர் ஏறியது. வெட்டுவார் யாரும் இல்லாத பிறகும் தங்கவயலில் நிலம் அதிர்வது நிற்கவில்லை. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அந்த அதிர்வுகளைப் பதிவு செய்து ஆராய்ந்தது. ஏறும் நீர் பிளவுகளுக்குள் புகும்போது, அதன் அழுத்தம் இரு முகங்களையும் இறுக்கிப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தும். மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் அணை நிரம்பிய பின், 1967 டிசம்பர் 11 அன்று ஒரு நழுவு பிளவு நகர்ந்து 6.3 அளவில் நிலம் நடுங்கியதும் இதே காரணத்தால்தான் என்று கருதப்படுகிறது. அந்தப் பிளவின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் நேரே அளப்பதற்காகப் புவி அறிவியல் அமைச்சகம் கொய்னாவில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை இறக்கியிருக்கிறது. சாம்பியன் ரீஃப் தொழிலாளி இரும்புக் கேஜில் நின்று, கடப்பாரையோடு இறங்கிப் போன அதே ஆழம் அது.